கவைக்கொம்பு மானின் மீள்வரவும் யக்கமா மக்களின் நிலவுரிமையும்

வன விலங்கு யாருக்கு உரியது? சட்டநூல்கள் இவ்வினாவுக்கு நெடுங்காலமாக ஒரே விடையைக் கூறிவந்துள்ளன. பட்டியில் அடைத்து வளர்க்கப்படும் கால்நடைக்கு உடையவன் உண்டு. கட்டற்றுத் திரியும் விலங்குக்கு உடையவன் இல்லை. எனவே மக்களின் சார்பில் அரசே அதன் காவலனாகும் என்பதே அவ்விடை. ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1896ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் இக்கருத்தையே ஏற்று, வேட்டை விலங்குகள் அந்தந்த மாநிலத்தின் உடைமை எனத் தீர்த்தது. அதே 1896இல் அந்நீதிமன்றத்தின் முன் வேறொரு வழக்கும் வந்தது. பன்னொக் குடியைச் சேர்ந்த ரேஸ் ஹோர்ஸ் என்பவர், தம் மக்களுக்கு உடன்படிக்கை வழி உறுதிசெய்யப்பட்ட வேட்டை உரிமையின் பேரில் வயோமிங்கில் எல்க் மான்களைக் கொன்றமைக்காகக் கைதுசெய்யப்பட்டிருந்தார். வயோமிங் ஒரு மாநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணத்திலேயே அவ்வுடன்படிக்கை உரிமை அற்றுப்போயிற்று என நீதிமன்றம் கூறிவிட்டது.

இவ்விரு தீர்ப்புகளையும் தனித்தனியே வாசிப்போருக்கு அவை வெறும் சட்ட நுணுக்கங்களாகத் தோன்றலாம். சேர்த்து வாசிக்கும்போதே அவற்றின் பொருள் விளங்கும். நிலம் முன்னரே பறிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்தது நிலத்தின் மீது நடமாடும் உயிர்கள் மீதான உரிமை. அதுவும் மாநிலங்களின் கைக்கு மாற்றப்பட்டது. முதலாவது தீர்ப்பு 1979இலும், இரண்டாவது தீர்ப்பின் அடிப்படை குரோ மக்கள் தொடர்பான வழக்கொன்றின் வாயிலாக 2019இலும் கைவிடப்பட்டன. இடைப்பட்ட நூற்றாண்டில் விலங்குகளுக்கு நேர்ந்தது யாது, அவை மீண்டும் வந்தபோது யாருடைய நிலத்தில் வந்தன என்பதை ஒரு விலங்கின் வரலாற்றைக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

ஆங்கிலத்தில் புரோங்ஹோர்ன் என வழங்கப்படும் விலங்கையே நாம் இங்குக் கவைக்கொம்பு மான் என்கின்றோம். அமெரிக்கர் இதனை 'அன்ரிலோப்' என்றும் அழைப்பர். ஆயின் நம்மவர் இரலை எனக் குறிக்கும் இனத்தோடு இதற்கு நெருங்கிய உறவு இல்லை. மானினத்தின் கொம்பு முழுவதும் எலும்பு. ஆண்டுதோறும் முழுமையாக உதிரும். இரலையின் கொம்பு உள்ளே எலும்பும் வெளியே உறையுமாக அமைந்து ஒருபோதும் உதிராதது. கவைக்கொம்பு மானோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உள்ளெலும்பு நிலைத்திருக்க, வெளியுறை மட்டும் ஆண்டுக்கொரு முறை கழன்று விழுகின்றது. அவ்வுறையும் கவைத்து வளர்கின்றது. தன் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இனம் இது. இன்று வாழும் விலங்குகளுள் இதற்கு நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் ஒக்காபியுமே என்பர். தமிழில் இதற்குரிய பெயர் இன்மையால் மான் என்ற சொல்லையே பொதுப்பட ஆளுகின்றோம், விலங்கியலார் பொறுத்தருள்வாராக.

இவ்விலங்கு மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. அதனைத் துரத்திப் பிடிக்கவல்ல ஊனுண்ணி எதுவும் இன்றைய வட அமெரிக்காவில் இல்லை. தேவைக்கு மிஞ்சிய இவ்வேகம் எங்ஙனம் வந்தது? பனியூழியின் இறுதியில் அழிந்துபோன அமெரிக்கச் சிறுத்தை முதலிய வேட்டை விலங்குகளின் நிழல் இதன் உடலில் இன்றும் தங்கியுள்ளது என்று விலங்கியலாளர் ஜோன் பயர்ஸ் 1997இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இக்கருத்துக்கு மறுப்புரைப்போரும் உளர். நம் நோக்குக்கு முக்கியமானது வேறொன்று. பயர்ஸ் தம் நெடுநாள் ஆய்வை நடத்திய இடம் மொன்ரானாவிலுள்ள தேசியக் காட்டெருமைப் புலம். ஃபிளாட்ஹெட் ஒதுக்கு நிலத்தின் நடுவிலிருந்து 1908இல் அறுத்தெடுக்கப்பட்ட பகுதி அது. சாலிஷ், கூட்டனை மக்களுக்கு அது மீளக் கையளிக்கப்படுவதற்கான சட்டம் 2020 டிசெம்பரிலேயே நிறைவேறிற்று. விலங்கைப் பற்றிய அறிவும் யாருடைய நிலத்தில் நின்று திரட்டப்பட்டது என்பதை அறிவுலகம் அரிதாகவே கேட்டுக்கொள்கின்றது.

ஐரோப்பியர் வருகைக்கு முன் இவ்விலங்கின் தொகை மூன்று தொடக்கம் நான்கு கோடி வரை இருந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மதிப்பீடே அன்றிக் கணக்கு அன்று. ஆயின் வீழ்ச்சியின் அளவில் ஐயமில்லை. சமஷ்டி அரசின் உயிரியல் அளவைப் பணியகம் 1922 முதல் 1924 வரை நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ முப்பதாயிரம் மட்டுமே எஞ்சியிருந்தன. மனிதனின் பேராசையே இதற்குக் காரணம் எனக் கூறி அமைவது நம்மிடையே வழக்கம். எந்த மனிதனின் பேராசை என்று கேட்டல் வேண்டும். இச்சமவெளிகளில் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதர் வேட்டையாடி வாழ்ந்துள்ளனர், விலங்கும் வாழ்ந்துள்ளது. அது அழிந்தது இரயில் பாதை இறைச்சியையும் தோலையும் கிழக்குச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கிய தலைமுறைக்குள்ளே. 1874இல் கிளிடன் என்பார் காப்புரிமை பெற்ற முட்கம்பி, மேய்ச்சல் வெளியைத் துண்டு துண்டாக்கியது. ஆடுமாடுகள் பெருகின, கோதுமைக்காகப் புல்வெளி உழப்பட்டது. விலங்கு பண்டமாகியதும் நிலம் பண்டமாகியதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் எனலாம்.

நிலம் எவ்வளவு விரைவாகப் பண்டமாயிற்று என்பதற்கு ஓர் எண்ணிக்கை போதும். ஒதுக்கு நிலங்களைத் தனிநபர் துண்டங்களாகப் பிரித்து, எஞ்சியதை வெள்ளையருக்குத் திறந்துவிட்ட டோஸ் சட்டம் 1887இல் வந்தது. அவ்வாண்டில் பூர்வீகக் குடிகளிடம் இருந்த நிலம் பதின்மூன்று கோடியே எண்பது இலட்சம் ஏக்கர். 1934இல் அக்கொள்கை கைவிடப்பட்டபோது மிஞ்சியது நான்கு கோடியே எண்பது இலட்சம் ஏக்கர்.

இனி யக்கமா மக்களிடம் வருவோம். இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் தென்பகுதியில், கொலம்பியா ஆற்றுக்கும் காஸ்கேட் மலைத்தொடருக்கும் இடையே வாழும் பதினான்கு குடிகளும் குழுக்களும் சேர்ந்ததே யக்கமா தேசம் என அவர்கள் தம்மை வழங்கும் அமைப்பு. 'குடி' என்றும் 'பழங்குடி' என்றும் நாம் எளிதில் கூறிவிடுகின்றோம். அவர்களோ 'தேசம்' என்ற சொல்லையே ஆளுகின்றனர். உடன்படிக்கை இரு தேசங்களுக்கிடையே செய்யப்படுவது ஆதலின் இச்சொல்லாட்சி வெறும் பெருமிதம் அன்று. சட்டப் பொருளும் உடையது. 1855 ஜூன் மாதத்தில் வல்லா வல்லாவில் ஆளுநர் ஐசாக் ஸ்டீவன்ஸ் முன்னிலையில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அவர்கள் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கையளித்து, ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் ஏக்கரைத் தமக்கென வைத்துக்கொண்டனர். கூடவே வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கவும், திறந்த, உரிமை கோரப்படாத நிலங்களில் வேட்டையாடவும், கிழங்கும் கனியும் திரட்டவும், குதிரை மேய்க்கவும் உள்ள உரிமையையும் வைத்துக்கொண்டனர். வைத்துக்கொண்டனர் என்றே நாம் எழுதுகின்றோம். பெற்றனர் என்று அன்று. 1905இல் உயர் நீதிமன்றமே யக்கமா மீனவர் தொடர்பான வழக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிற்று. உடன்படிக்கை என்பது அம்மக்களுக்கு அளிக்கப்பட்ட உரிமைகளின் பட்டியல் அன்று, அவர்கள் பிறருக்கு அளித்தவற்றின் பட்டியலே. அளிக்காதவை அவர்களிடமே உள்ளன என்பது அதன் சாரம்.

எனினும் காகிதத்தில் எஞ்சிய உரிமைக்கு நிலத்தில் பொருள் இருத்தல் வேண்டும் அல்லவா? மீன்பிடி உரிமை உண்டு. ஆயின் தொன்றுதொட்டு மீன்பிடித்த செலிலோ நீர்வீழ்ச்சி 1957இல் அணையொன்றின் நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. வேட்டை உரிமை உண்டு. ஆயின் வேட்டைக்குரிய விலங்கு மறைந்துவிட்டது. யக்கமா மக்களின் நெடுமனைச் சடங்குகளில் நீர், சமன் மீன், மானிறைச்சி, கிழங்கு, காட்டுக்கனி என்னும் முதலுணவுகள் முறைப்படி பரிமாறப்படும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நிலப்பகுதியையும் ஒரு பருவத்தையும் குறித்து நிற்பது. ஓர் உயிர் மறையுமாயின் அதனோடு இணைந்த இடமும் மக்களின் நடமாட்டத்திலிருந்து மறைந்துவிடும்.

கவைக்கொம்பு மான் இப்பகுதியில் வாழ்ந்தது உண்மைதானா என்று ஐயுறுவோர் சிலர் இருந்தனர். வெள்ளையர் குடியேறிய காலத்துக்குள் அது இங்கு மிக அருகிவிட்டமையே இவ்வையத்துக்கு இடமளித்தது. ஆயின் கொலம்பியா ஆற்று வடிநிலத்தின் தொல்லியற் களங்களில் மக்கள் உண்டு எறிந்த எலும்புகளிடையே இதன் எலும்புகள் கிடைத்துள்ளன. ஏட்டில் பதிவில்லை என்பதால் வரலாறு இல்லை என்றாகிவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று. மாநில அரசின் வேட்டை விலங்குத் திணைக்களமும் 1938 முதல் 1968 வரை பல தடவைகள் இவ்விலங்கை கிழக்கு வாஷிங்டனில் கொணர்ந்து விட்டது. அவை நிலைபெறவில்லை.

2011 ஜனவரியில் யக்கமா தேசத்தின் வனவிலங்குப் பிரிவினர் நெவாடா மாநிலத்திலிருந்து தொண்ணூற்றொன்பது கவைக்கொம்பு மான்களைக் கொணர்ந்து தம் ஒதுக்கு நிலத்தின் புதர்வெளியில் விடுவித்தனர். இதன்போது வாஷிங்டன் மாநில அரசு நடுநின்று நடத்தவில்லை. முடிவும் செயலும் யக்கமா தேசத்தினுடையவை. செலவில் பெரும் பங்கை ஏற்றது சஃபாரி கிளப் என்னும் வேட்டைக்காரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. முற்போக்கு வாசகருக்கு இஃது உறுத்தலாம், நமக்கும் உறுத்துகின்றது. கொம்புகளைச் சுவரில் மாட்டுவதில் நாட்டமுடைய வசதி படைத்தோரின் சங்கமும், உணவையும் உடன்படிக்கையையும் முன்வைக்கும் மக்களும் ஒரே வண்டியில் ஏறிய நிகழ்ச்சி இது. இருசாராரின் நோக்கமும் ஒன்றென நாம் கொள்ளவில்லை. ஆனால் பணம் படைத்தவரே விலங்கை நகர்த்த இயலும் என்ற நிலையில் அப்பணத்தை யார் சொற்படி பயன்படுத்துவது என்பதே முடிவான வினா. இங்கு நிலமும் யக்கமா மக்களுடையது, தீர்மானமும் அவர்களுடையது.

விலங்கைப் பிடிக்கும் முறை பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் தகும். நெவாடாவில் கையாளப்படும் முறைகளுள் ஒன்று, இரு பக்கமும் நீண்டு விரிந்த மறைப்புகளை அமைத்து, அவை குவியும் இடத்தில் பட்டியொன்றைக் கட்டி, ஹெலிகொப்டரால் மந்தையை மெல்ல அதனுள் செலுத்துவது. புதிய தொழில்நுட்பம் எனத் தோன்றும் இதன் கருத்து மிகப் பழையது. அதே நெவாடாவின் வடிநிலங்களில் பைய்யூட், ஷொஷோனி மக்கள் புதர்களையும் மரங்களையும் கொண்டு நெடுஞ்சிறகுகளை அமைத்து, ஊர்கூடி இம்மானைப் பட்டிக்குள் செலுத்தி வேட்டையாடினர். அவ்வேட்டைக்கு மானைக் கவரும் ஆற்றல் உடையவரெனக் கருதப்பட்ட ஒருவர் தலைமை தாங்குவார். ஒரு முறை இவ்வாறு வேட்டையாடிய இடத்தில் மந்தை மீளப் பெருகும்வரை சில ஆண்டுகள் மீண்டும் அவ்வேட்டை நிகழாது என மானிடவியலார் குறித்துள்ளனர். மரத்தால் அமைந்த அப்பட்டிகளின் சிதைவுகள் சிலவற்றை நெவாடாவில் இன்றும் காணலாம். இம்மான் வேகத்தில் நிகரற்றதாயினும் தடையைத் தாண்டிக் குதிக்க விரும்பாதது என்னும் அவதானிப்பே பழைய பட்டிக்கும் புதிய பட்டிக்கும் அடிப்படை.

பிடிபட்ட விலங்குக்கு இரத்தப் பரிசோதனை செய்து, காதில் அடையாளத் தகடு இட்டு, சிலவற்றுக்கு வானலைக் கழுத்துப்பட்டி பூட்டி, இருண்ட வண்டிகளில் ஏற்றி நூற்றுக்கணக்கான மைல் கொண்டுசெல்கின்றனர். ஓட்டத்துக்கென்றே அமைந்த உடலாதலின் அச்சமும் அடைப்புமே இதற்குப் பெருங்கேடு. அளவுகடந்த களைப்பால் தசைகள் சிதைந்து, விடுவித்த சில நாட்களுள் இறப்பனவும் உண்டு. குளிர்காலத்தில் பிடிப்பதற்கு இஃது ஒரு காரணம்; வெப்பம் இவ்வாபத்தைக் கூட்டும். தாய் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். முதல் சில வாரங்கள் குட்டி புதரிடையே அசையாது கிடக்கும். அந்நாட்களில் கொயோட்டி என்னும் ஓநாயினச் சிறுவிலங்கும் பொன்னிறக் கழுகும் அவற்றைப் பெருமளவில் கவர்ந்துவிடும். கொணரப்படும் மந்தை சிறிதாயின் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. முன்னைய முயற்சிகள் வீழ்ந்தமைக்கும் யக்கமா மக்கள் ஏறத்தாழ நூறு விலங்குகளை ஒரே தடவையில் விட்டமைக்கும் உள்ள தொடர்பை வாசகர் ஊகிக்கலாம்.

இவையனைத்தையும் விட வேலியே இவ்விலங்கின் முதற் பகை. மரங்களற்ற வெளியில் உருவான உயிராதலின் குதிப்பதை அது தவிர்க்கின்றது. கம்பியைக் கண்டால் அதன் கீழே நுழையவே முயலும். மாட்டு வேலியின் அடிக்கம்பி நிலத்தை அண்டியிருப்பின் நுழைய இயலாது. முட்கம்பியாயின் முதுகு கிழியும். ஆட்டுக்கென அமைத்த வலைவேலியாயின் அது மதிலேயாகும். அடிக்கம்பியை முள்ளில்லாததாக மாற்றி, நிலத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்துவதே பரிந்துரைக்கப்படும் தீர்வு. மிக எளிய வேலைதான். ஆனால் அதனைச் செய்ய வேண்டியவன் வேலிக்கு உடையவன். மானைக் கொணர்ந்தவர்கள் வேறு, வேலியை வைத்திருப்போர் வேறு என்பதிலேயே சிக்கல் தொடங்குகின்றது.

யக்கமா ஒதுக்கு நிலத்துள்ளும் இச்சிக்கல் உண்டு. துண்டமாக்கற் கொள்கையின் விளைவாக அந்நிலத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தனியார் உடைமையாயிற்று. அதனுள் பெரும்பகுதி பூர்வீகக் குடியினர் அல்லாதாரிடம் உள்ளது. 1989இல் உயர் நீதிமன்றம், பெரும்பாலும் காடாகவும் பொதுமக்களுக்கு மூடப்பட்டதாகவும் உள்ள பகுதியில் நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யக்கமா தேசத்துக்கு உண்டு என்றும், தனியார் நிலம் மிகுந்த திறந்த பகுதியில் அத்தனியார் நிலங்கள் மீது அவ்வதிகாரம் இல்லை என்றும் பிளவுபட்ட தீர்ப்பொன்றை வழங்கிற்று. இதற்கு முன் 1981இல் குரோ மக்கள் வழக்கில், ஒதுக்கு நிலத்துள் அடங்கினும் அந்நியர் உடைமையான நிலத்தில் அந்நியரின் வேட்டையையும் மீன்பிடியையும் குடியினர் பொதுவாகக் கட்டுப்படுத்த இயலாது எனத் தீர்க்கப்பட்டது. ஈராண்டு கழித்து 1983இல் மெஸ்கலேரோ அப்பாச்சி வழக்கில், குடிக்குரிய நிலத்தில் அந்நியர் வேட்டையாடினும் அங்கு மாநிலச் சட்டம் புக முடியாது, குடியின் சட்டமே செல்லும் என ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. மெஸ்கலேரோ மக்கள் தாமே விலங்குகளைப் பேணி வளர்த்தமை அத்தீர்ப்பில் கருத்திற் கொள்ளப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. வனவிலங்கைப் பேணுதல் இறைமையைச் செயலில் காட்டுவதாக அமைகின்றது. யக்கமா மக்கள் வண்டிகளின் கதவைத் திறந்துவிட்டபோது அவர்களுக்குப் பின்னால் நின்றது இச்சட்ட வரலாறே.

ஆனால் மான் சட்டம் கற்றதன்று. விடுவிக்கப்பட்டவற்றுள் பல ஒதுக்கு நிலத்தின் எல்லையைக் கடந்து கிழக்கே ஹோர்ஸ் ஹெவன் குன்றுகளின் கோதுமை வயல்களிலும் புதர்வெளிகளிலும் மேயலாயின. வயலுடையோர் முறையிட்டனர். மாநிலத் திணைக்களம் தான் கொணராத விலங்குக்குத் தான் பொறுப்பேற்கவேண்டிய நிலையைக் கண்டது. ஒதுக்கு நிலத்தில் நிற்கையில் யக்கமா தேசத்தின் விலங்காக இருப்பது, கம்பியின் கீழ் நுழைந்து மறுபக்கம் எழுகையில் மாநிலத்தின் விலங்காகிவிடுகின்றது. உடன்படிக்கை உறுதிசெய்த வேட்டை உரிமையோ திறந்த, உரிமை கோரப்படாத நிலத்துக்கே உரியது. உழுத வயல் அத்தகையதன்று. தம் பாட்டன்மார் கையளித்த நிலத்தில், தாமே கொணர்ந்த விலங்கு நிற்க, யக்கமா வேட்டைக்காரர் வேலிக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டியிருக்கின்றது. காலப்போக்கில் இருதரப்பினரும் வானூர்தியிலிருந்து சேர்ந்து கணக்கெடுக்கத் தலைப்பட்டனர். 2019இல் நடந்த கணக்கெடுப்பு இருநூறுக்கு மேற்பட்டவற்றைக் காட்டிற்று. 1938இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் மாநிலம் முயன்றும் எய்தாதது இது.

ஒதுக்கு நிலத்தின் உள்ளேயும் மேய்ச்சல் பற்றிய முரண்பாடு ஒன்று உண்டு. அங்கு ஆயிரக்கணக்கான குதிரைகள் கட்டற்றுத் திரிந்து புல்லையும் புதரையும் அழித்துள்ளன. குதிரை இம்மண்ணுக்கு ஸ்பானியர் வழி வந்தது. ஆயினும் யக்கமா மக்கள் புகழ்பெற்ற குதிரை வளர்ப்போர். குதிரை மேய்க்கும் உரிமை உடன்படிக்கையிலேயே இடம்பெற்றுள்ளது. தொன்மையான மானுக்காகத் தொன்மையாகிவிட்ட குதிரையைக் குறைப்பதா என்பது வெளியார் எளிதில் தீர்ப்புக் கூறத்தக்க வினா அன்று. அதனைத் தீர்க்கும் உரிமை அவர்களிடமே இருத்தல் வேண்டும் என்பதற்கு மேல் நாம் கூறுவதற்கில்லை.

பூர்வீகக் குடிகள் அனைவரும் ஒரே மனத்தினர் எனக் கொள்ளும் இலட்சியவாதமும் ஆபத்தானது. வயோமிங்கின் விண்ட் ரிவர் ஒதுக்கு நிலத்தில் கிழக்கு ஷொஷோனி மக்களும் வடக்கு அரப்பஹோ மக்களும் ஒரே நிலத்தைப் பகிர்ந்து வாழ்கின்றனர். அங்கே மான்களும் கவைக்கொம்பு மான்களும் வேட்டையால் மிக அருகிய நிலையில் கட்டுப்பாடு வேண்டும் என ஷொஷோனியர் கோரினர். அரப்பஹோ மக்கள் ஏற்கவில்லை. 1984இல் சமஷ்டி அரசு தலையிட்டு வேட்டை விதிகளை நடைமுறைப்படுத்திற்று. அரப்பஹோ மக்கள் வழக்காடித் தோற்றனர். 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதிகளை உறுதிசெய்தது. விலங்குகள் பெருகின. எங்கிருந்தும் கொணரப்படாமல், வேட்டைக்கு வரம்பிட்டதனாலேயே அங்கு மான் மீண்டது. நல்ல விளைவுதான், ஆயின் ஒரு மக்களின் இணக்கமின்றி மேலிருந்து வந்த விதியின் விளைவு. சுயநிர்ணய உரிமையையும் விலங்குப் பாதுகாப்பையும் எப்போதும் ஒரே திசையில் செல்லும் இரு குதிரைகளாக எண்ணுவோர் இவ்வரலாற்றையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

யக்கமா மக்களின் முயற்சியை அடுத்து, அதே மாநிலத்தின் வடபகுதியிலுள்ள கொல்வில் கூட்டுக் குடிகள் 2016 ஜனவரியில் ஐம்பத்திரண்டு விலங்குகளையும் 2017 ஒக்டோபரில் தொண்ணூற்றெட்டு விலங்குகளையும் நெவாடாவிலிருந்து கொணர்ந்தனர். பன்னிரு குடிகள் சேர்ந்து வாழும் இவ்வொதுக்கு நிலம் 1872இல் அமைந்தது. அதன் வடபாதி பின்னர் பறிபோயிற்று. அவ்வடபாதியில் அவர்களுக்குள்ள வேட்டை உரிமை 1975இல் உயர் நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. கிராண்ட் கூலி அணை அவர்களது சமன் மீன்களின் வழியை அடைத்துவிட்டது. இத்தகைய மக்கள் மானோடு நிற்கவில்லை. 2019இல் சீஃப் ஜோசப் அணைக்கு மேலே சமன் மீன்களை விடுவித்தனர். 2021 முதல் கனடாவிலிருந்து லிங்ஸ் என்னும் காட்டுப்பூனைகளையும் கொணர்ந்து வருகின்றனர். மீள்கொணர்வு என்பது அங்கு ஒரு விலங்கைப் பற்றிய திட்டமாக அன்றி, கலைக்கப்பட்ட ஒரு வாழ்நிலத்தை உறுப்பு உறுப்பாகச் சேர்க்கும் பணியாக வளர்ந்துள்ளது. அவர்களுடைய மான்களும் ஒதுக்கு நிலத்தோடு அமையவில்லை. சில கொலம்பியா ஆற்றைக் கடந்து தெற்கே சென்றன.

ஹோர்ஸ் ஹெவன் குன்றுகளில் இன்று வேறொரு வழக்கு எழுந்துள்ளது. அங்கே நூற்றுக்கணக்கான காற்றாலைகளையும் சூரிய ஒளித் தகடுகளின் வேலியிட்ட பரப்புகளையும் அமைக்க 2021இல் விண்ணப்பிக்கப்பட்டது. யக்கமா தேசம் எதிர்த்தது. தம் புனித இடங்கள், அருகிவரும் பருந்தினம் ஆகியவற்றோடு கவைக்கொம்பு மானும் அவ்வெதிர்ப்பில் இடம்பெற்றது. நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றை நாடுவது இக்காலத்தின் தேவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அணை கட்டிய காலத்திலும் மலிவான மின்சாரம் அனைவருக்கும் நன்மை எனவே கூறப்பட்டது. செலிலோவின் மீனவரே அதன் விலையைச் செலுத்தினர். மாநில மதிப்பீட்டுக் குழு திட்டத்தைப் பெரிதும் குறைக்கப் பரிந்துரைத்ததாயினும், ஆளுநர் அதனை ஏற்காது திருப்பியனுப்பி, 2024 ஒக்டோபரில் இறுதி ஒப்புதலை அளித்தார். அக்குன்றுகள் 1855இல் கையளிக்கப்பட்ட நிலத்துள் அடங்குவன. 2011இல் வந்த தொண்ணூற்றொன்பது விலங்குகளின் வழிவந்த மந்தைகள் அங்கேதான் மேய்கின்றன.